ஒரே ஒரு மஞ்சள் கேட்

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மேஸ்திரி கூப்பிட்டாலும் நிதானம்தான், கம்பி கட்டுகிறவர்கள் கூப்பிட்டாலும் நிதானம் அண்ணன்தான். கொஞ்ச நாளில் அவர் மனைவியே வேலையிடத்தில் “எங்க நிதானம்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நொண்டி என்று கூப்பிடாமல் விட்டார்களே, அதுவரைக்கும் புண்ணியம்.

இருபத்திரண்டு வருஷம் கொத்தனாராக இருந்தவர். பூச்சு வேலையில் கை அப்படி ஓடும். அவர் பூசிய சுவரில் விளக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தாலும் ஒரு மேடு பள்ளம் தெரியாது என்று பேர் வாங்கியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே ஒப்பந்தக்காரரின் வேறொரு கட்டடத்தில், இரண்டாவது மாடியில் லிஃப்டுக்காக விட்டிருந்த குழிக்குள் விழுந்தார். குழியைச் சுற்றி ஒன்றும் இல்லை, மேலே ஒரு பழைய ஒட்டுப்பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். பலகை இருக்கிறதே என்று நம்பிக் காலை வைத்தார். இடுப்பு எலும்பு இரண்டாகப் போய், உள்ளே தகடு வைத்துத் தைத்து, எழுந்து நடக்கப் பதினான்கு மாதம் ஆனது. நடந்தபோது வலது கால் பின்னாலேயே தங்கிவிட்டது. இடது காலை ஊன்றி, வலதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். டொக், சர்ர். டொக், சர்ர்.

ஒப்பந்தக்காரர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், வேலையும் போட்டுக் கொடுத்தார். தலைக்கவசம், இடுப்புப் பெல்ட், கையுறை எல்லாம் பூட்டி வைத்திருக்கிற அறைக்கு நிதானம் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பதிவேட்டில் ‘பாதுகாப்பு மேற்பார்வையாளர்’ என்ற இடத்திலும் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பாதுகாப்பு இல்லாமல் விழுந்தவரையே பாதுகாப்புக்கு மேற்பார்வையாளராக்கிய விந்தையை நினைத்து அங்கே யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நாள்தோறும் காலையில் ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைக்கவசங்கள் அறுபது. எல்லாம் புத்தம் புதுசு, பாலிதீன் உறை கூடக் கிழிக்காதவை பாதி. அவை வெளியே வருவது அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும்தான். அது திடீர் ஆய்வுதான், ஆனால் திடீரென்று வரப்போகிறோம் என்று இரண்டு நாள் முன்னாலேயே கடிதம் வந்துவிடும். அன்றைக்குச் சித்தாள் பெண்களுக்கு வேலையே இருக்காது. தலையில் கவசத்தை மாட்டினால் சும்மாடு நிற்காது, சும்மாடு இல்லாமல் கலவைச் சட்டி எங்கே நிற்கும்? ஆளுக்கொரு துடைப்பத்தைக் கையில் கொடுத்து, கூட்டின இடத்தையே கூட்டச் சொல்வார் மேஸ்திரி.

ஆனால் நிதானத்தின் உண்மையான வேலை கவசம் கொடுப்பது அல்ல. அவருடைய உண்மையான வேலை மெதுவாக நடப்பது.

இதைக் கண்டுபிடித்தவர் மேஸ்திரி. எட்டு மாடிக் கட்டடம் அது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கான குழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி வைக்க இரும்புக் குழாயில் செய்து மஞ்சள் வர்ணம் அடித்த தடுப்பு ஒன்று உண்டு, நான்கு துண்டு, கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆட்கள் அதை ‘மஞ்சள் கேட்’ என்பார்கள். எட்டு மாடிக்கும் சேர்த்து அந்த ஒரு கேட்தான். ஆய்வாளர் முதல் மாடியைப் பார்த்து முடித்து முன்பக்கப் படியில் கால் வைத்ததும், ஆறு பேர் கேட்டைக் கழற்றிப் பின்பக்கச் சாய்பலகை வழியாக இரண்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆய்வாளர் அங்கே வரும்போது கேட் அங்கே நிற்க வேண்டும். இப்படியே மூன்றாவது, நான்காவது என்று ஆறாவது வரை. அதற்கு மேல் எந்த ஆய்வாளரும் ஏறினதில்லை.

ஒரு மாடிக்குக் கேட் போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆகும். சாதாரண மனுஷன் ஒரு மாடி ஏற ஒரு நிமிஷம் போதும். மீதி ஆறு நிமிஷத்துக்கு எங்கே போவது என்று முழி பிதுங்கிய மேஸ்திரி, ஒரு தடவை ஆய்வாளரோடு நிதானத்தை அனுப்பி வைத்தார். ஆய்வாளர் நல்ல மனுஷர். கால் முடியாதவரை முந்திக்கொண்டு போவது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். எட்டு நிமிஷம் ஆனது. மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வருகிற ஆய்வாளர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போவது நிதானம்தான். “நிதானமா வாங்க சார், படி ஈரமா இருக்கு,” என்று அவர் தொடங்குவார். பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவர் அந்த வேலையையும் ஒழுங்காகவே கற்றுக்கொண்டார். எதைச் செய்தாலும் திருந்தச் செய்கிற ஆள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் பாதுகாப்புப் படங்கள் ஒட்டி வைத்திருக்கிறார், அவற்றை ஆய்வாளருக்குப் படித்துக் காட்டுவார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் இருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு வைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தான் விழுந்த கதையைச் சொல்வார். வேறொரு கம்பெனியில் விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்று இன்ஜினியர் கட்டளை. பதினொரு ஆய்வாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கதை பூச்சு வேலை மாதிரி வழவழப்பாகிவிட்டது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் ஆய்வாளர் ‘அப்புறம்?’ என்று கேட்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சரியாக ஆறு நிமிஷம் வரும். உடம்பு உடைந்து கதறின கதையை ஆறு நிமிஷமாக அளந்து விற்கிறோமே என்று முதல் இரண்டு மூன்று தடவை உறுத்தியது. அப்புறம் உறுத்தலும் பழகிவிட்டது.

பழகாதது வேறு ஒன்று. அவர் மனைவி அதே கட்டடத்தில் நான்காவது மாடியில் சித்தாள்.

அவளுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. அந்தப் பக்கம் எல்லாமே புகை மூட்டமாகத்தான் தெரியும். ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்திருந்தார்கள், முறை வர இன்னும் பல மாதம். கண் தெரியாத சித்தாளை எந்த மேஸ்திரியும் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதால், இது அவர்கள் இருவருக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். தையல் கடைக்குப் பின்னால் அவர்கள் இருந்த ஒற்றை அறையில் அந்தக் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தாலே மனைவி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். “நான் நடக்கிற பாதை எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டே போவேன்,” என்பாள்.

கலவை கலக்கிற இடத்திலிருந்து பூச்சு நடக்கிற அறைக்குப் போகும்போது அந்தக் குழி அவளுக்கு வலது கைப் பக்கம் வரும். இரண்டே எட்டு தூரம்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், சட்டி தலையிலிருந்து நழுவிக் குழிக்குள் போய்விட்டதாம். நாலு மாடி கீழே போய் விழுகிற சத்தம் கேட்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா என்று வேடிக்கை மாதிரி கேட்டாள். மேஸ்திரி திட்டின திட்டை அவர் மாதிரியே நடித்துக் காட்டினாள். நிதானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டார். சட்டி விழுந்தது என்றால் சட்டி இருந்த தலை எங்கே இருந்தது என்று அவர் கேட்டார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள்.

மறுநாளே இன்ஜினியரிடம் போனார். முப்பது வயசு கூட ஆகாத ஒல்லியான ஆள், காதிலிருந்து போனை எடுக்காமலே பேசுவார். மஞ்சள் கேட் ஆய்வு இல்லாத நாளில் கீழே சும்மாதானே கிடக்கிறது, நாலாவது மாடியிலேயே வைத்துவிடலாமே என்று நிதானம் கேட்டார். ஒரு மாடிக்கு வைத்தால் மற்ற மாடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா என்று இன்ஜினியர் தட்டிக் கழித்தார். கண் விஷயத்தைச் சொன்னால் மனைவிக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் காரணம் இல்லை. மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கயிறு கட்ட வைத்தார். மூன்றாம் நாள் கயிற்றை யாரோ சென்ட்ரிங் பலகை கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு கயிறு கட்டினார், அதுவும் போனது. வேறு மாடிக்கு மாறிக்கொள்ளேன் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அந்த மாடிக் கொத்தனார் அவளைக் கோபிக்க மாட்டார், தடுமாறினாலும் ஏன் என்று துருவ மாட்டார், வேறு ஆளிடம் போனால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள் அவள். அதுவும் நியாயம்தான். எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது, குழி மட்டும் அப்படியே திறந்து கிடந்தது.

அப்போதுதான் ஆய்வுக் கடிதம் வந்தது.

இரண்டு நாள் யோசித்தார். ஆய்வாளரிடம் வாய் திறந்து சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட இடம், தினமும் ‘எல்லாம் சரி’ என்று எழுதிய கை. ஆனால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று இரண்டாவது நாள் மண்டையில் உறைத்தது. வேகமாக நடந்தால் போதும். மூன்றாவது மாடியிலிருந்து நான்காவதுக்கு ஒரே ஒரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, சாதாரண மனுஷன் மாதிரி ஏறிவிட்டால் கேட்டுக்கு முன்னால் அவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆய்வாளர் தன் கண்ணால் பார்ப்பார், எழுதுவார். யார் மேலும் பழி வராது. கால் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது சார் என்று இன்ஜினியரிடம் சொல்லிக்கொள்ளலாம். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கையைக் காலைப் பிடித்துத் தடுத்துவிடுவாள் என்று தெரியும். அந்த மனுஷன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்தப் பலகையில் கால் வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவளிடம் சொல்லாமல் விட்ட இதுதான்.

வந்த ஆய்வாளர் புதியவர், ஐம்பதை ஒட்டிய வயசு, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. ஒரே நாளில் ஐந்து கட்டடம் பார்க்க வேண்டுமாம், இது நான்காவது. முதல் மாடியில் மஞ்சள் கேட் நின்றது. படிவத்தில் குறித்துக்கொண்டார். படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். இரண்டாவது மாடியிலும் கேட் நின்றது, குறித்துக்கொண்டார். பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். போன வருஷம் ஓரிடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி எழுதியதையும், பதினொரு நாள் வேலை நின்றதையும், அங்கே வேலை செய்தவர்களே வீட்டு வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றியதையும் தானாகச் சொன்னார்.

“நிறுத்துன்னு எழுதறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும் பெரியவரே,” என்றார். “அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நான் நடக்கணும்.”

நிதானம் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனசெல்லாம் அடுத்த படிக்கட்டில் இருந்தது.

மூன்றாவது மாடியையும் பார்த்து முடித்துப் படியேறினார்கள். முன்பக்கப் படியும் பின்பக்கச் சாய்பலகையும் எதிரெதிர் மூலை. பின்னால் கொக்கிகள் கழலுகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. மரப்பெட்டியைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஆய்வாளரே பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். கால் எப்படி இப்படி ஆனது என்று அக்கறையாகக் கேட்டார். வாய் பழக்கத்தில் கதையை எடுத்துவிட்டது. அன்றைக்கு மழை, பகலிலேயே இருட்டு, கையில் கரண்டியும் மட்டப்பலகையும், எதிரே ஒட்டுப்பலகை ஒன்று கிடந்தது சார், காலை எடுத்து வைத்தேன் என்று வரும்வரை வழவழவென்று ஓடியது. அங்கே நின்றுவிட்டது. பலகையில் காலை வைத்தது அவராகத் தெரியவில்லை. தலையில் சட்டியோடு மனைவி வைத்த மாதிரி தெரிந்தது.

“அப்புறம்?” என்றார் ஆய்வாளர்.

“மீதியை மேல போய்ச் சொல்றேன் சார். வாங்க.”

ஏறினார். கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றி, வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். இடுப்புக்குள் தகடு இருக்கிற இடத்தில் தீ வைத்த மாதிரி எரிந்தது. டொக் சர், டொக் சர் என்று சத்தம் ஒன்றை ஒன்று துரத்தியது. பின்னால் ஆய்வாளர் மெதுவா, மெதுவா என்றார். ஒன்பது படி. எட்டு. நாலு. ஆறு வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தாலும் உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான்காவது மாடிக்கு வந்து நிமிர்ந்தார். மஞ்சள் கேட் இல்லை. அவர் கணக்குத் தப்பவில்லை.

குழியைச் சுற்றி ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள். தலையில் புதுக் கவசம், கைகளைக் கோர்த்துக்கொண்டு, முதுகைக் குழிக்குக் காட்டி, வட்டமாக. படியைப் பார்த்த பக்கம் நடுவில் நின்றது அவர் மனைவி.

“சார், அங்கயே நில்லுங்க,” என்றாள் அவள், கணீரென்று. “குழி திறந்திருக்கு. தடுப்பை எடுத்துப் பெயின்ட் அடிக்கிறாங்க. அதுவரைக்கும் யாரும் கிட்ட வராம நாங்க காவல் நிக்கிறோம்.”

ஆய்வாளர் நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் அந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனது, பொய் சொல்லக் கூடாது, வரத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. படிவத்தில் ‘திறப்புகளைச் சுற்றிப் பாதுகாப்பு ஏற்பாடு உண்டா’ என்று ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஏற்பாடு கண்ணெதிரே நிற்கிறது, உயிரும் உடம்புமாக. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே பாதுகாப்பு மேற்பார்வையாளர்? தடுப்பை எடுக்கிறப்பல்லாம் இப்படித்தான் ஆள் நிப்பாட்டுறீங்களா?”

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. மனைவி நிதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல கண்ணும் புரை விழுந்த கண்ணும் சேர்ந்து. இல்லை என்றால் அவள் ஓர் அரசாங்க அதிகாரி முன்னால் பொய் சொன்னவள் ஆகிறாள். அவளைப் பொய்க்காரியாக்கி அவளைக் காப்பாற்றுவது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அவள் குதிகாலுக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அதை மட்டும் பார்த்தார்.

“ஆமா சார்,” என்றார்.

ஆய்வாளர் ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டார். கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில், திறப்பைச் சுற்றி ஆட்களை நிறுத்தியிருப்பது திருப்தி அளிக்கிறது என்று எழுதினார். ஐந்தாவது மாடிக்கு ஏறவில்லை, ஐந்தாவது கட்டடத்துக்கு நேரமாகிவிட்டது. அவர் படியிறங்கின பிறகுதான் மஞ்சள் கேட் மூச்சிரைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் மனைவி வெந்நீர் வைத்து அவர் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். கால் வீங்கியிருந்தது. எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க என்று கேட்டாள், கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

“நீங்க வர்ற சத்தம் கீழயே கேட்டுது. உங்க கால் சத்தம் எனக்குத் தெரியாதா? இவ்வளவு வேகமா வர்றாரே, நேரம் தப்பிப்போச்சேன்னு பகீர்னுச்சு. கேட் இல்லாம ஆபீசர் பார்த்தா உங்க வேலைதானே போகும்? உங்களை இப்படிக் காலோட வேற யாரு வச்சுக்குவாங்க? அதான் பக்கத்துல இருந்தவங்களை இழுத்துக்கிட்டுப் போய் நின்னேன்.”

துணியைப் பிழிந்து மறுபடி வைத்தாள்.

“பயமா இல்லையா?” என்று அவர் கேட்டார்.

“முதுகுப் பக்கம்தானே குழி. பார்த்தாத்தானே பயம்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. வலிக்குதா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். ஒரே நாளில் இரண்டாவது ஆமாம் அது.

மேஸ்திரியும் இன்ஜினியரும் இதை நிதானமும் அவர் மனைவியும் பேசி வைத்துச் செய்த ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டார்கள். பலே என்றார் மேஸ்திரி. இன்ஜினியர் வாழ்நாளில் முதல் தடவையாகப் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரோடு பேசினார். ஆறு பேர் கேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூத்து இனி எதற்கு, ஒவ்வொரு மாடியிலும் ஐந்து பேரை நிறுத்தினால் தீர்ந்தது என்றார். ஆய்வு அன்றைக்குத்தான் பெண்களுக்கு வேறு வேலையும் இல்லையே. மூன்றாம் நாள் ஒரு லாரி வந்து, ஒப்பந்தக்காரரின் புதுக் கட்டடத்துக்கு மஞ்சள் கேட்டை ஏற்றிக்கொண்டு போனது. இங்கே தேவைப்படவில்லை என்று பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார், முத்து முத்தாக. இருந்த ஒன்றையும் தன் காலாலேயே நடந்து தொலைத்தோம் என்று அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன?

மனைவிக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு உயர்ந்தது. மற்ற மாடிப் பெண்களுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலையை அவள் தலையில் கட்டினார்கள். மகள் போன் பண்ணியபோது அதை அவள் பெருமையாகவே சொன்னாள். நிதானம் மனைவியிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தேன் என்றால், அப்போது நான் நின்றது எதற்கு என்று அவள் கேட்பாள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரை கூப்பிடவில்லை, லிஃப்டும் வரவில்லை. அவளுடைய கண் இன்னும் கொஞ்சம் மங்கியிருந்தது.

இந்தத் தடவை ஏற்பாடு பக்காவாக இருந்தது. எந்த நிமிஷம் ஆய்வாளர் எந்த மாடிக்கு வருவார் என்று சொல்ல முடியாது என்பதால், அவர் வண்டி வாசலில் நுழைந்த உடனே மேஸ்திரி விசில் அடிப்பார். எல்லா மாடியிலும் பெண்கள் போய் நின்றுவிட வேண்டும். அவர் வண்டி வெளியே போகும்போது இரண்டாவது விசில், அப்போதுதான் நகரலாம். நிதானம் இதைக் கேட்டு மனசுக்குள் போட்டுப் பார்த்தார். இனி அவர் எவ்வளவு மெதுவாக நடக்கிறாரோ அவ்வளவு நேரம் அவள் குழிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அதனால் மரப்பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தார். பானையைக் கவிழ்த்தார். படங்களைக் கிழித்தார். காலையில் வலி மாத்திரை இரண்டாகப் போட்டுக்கொண்டார்.

விசில் அடித்தது. வந்தவர் அதே ஆய்வாளர்தான். நிதானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிதானம் கையை விடுவித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறத் தொடங்கினார். முதல் மாடி ஆயிற்று. இரண்டாவது மாடி ஆயிற்று. மூன்றாவது மாடியைப் பார்த்தும் பார்க்காமலும் படிக்கு வந்து, திருப்பத்துக்கு ஏறியபோது, அவர் முழங்கையை ஆய்வாளர் பிடித்து நிறுத்தினார். பெட்டி இல்லாததைப் பார்த்து, தான் கொண்டு வந்த பையைப் படியில் போட்டு அதன் மேல் அவரைத் தோளை அமுக்கி உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“என்ன அவசரம் பெரியவரே? போன தடவை நீங்க நொண்டிக்கிட்டு ஓடினது எனக்கு ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு. என்னால உங்க கால் கெட வேணாம். இன்னைக்கு இது ஒண்ணுதான், எனக்கு வேற கட்டடம் இல்ல. நிதானமா போவோம். அந்தக் கதையைச் சொல்லுங்க, பாதியில விட்டீங்களே. பலகையில காலை வச்சீங்க. அப்புறம்?”

மேலே நான்காவது மாடியில் சத்தமே இல்லை. அவர் கால் சத்தம் நின்றுபோனதை அவள் கேட்டிருப்பாள், ஏன் நின்றது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பாள். நிதானம் எழுந்திருக்கப் பார்த்தார். ஆய்வாளரின் கை அவர் தோளில் அன்பாக, கனமாக இருந்தது.